இரண்டு பண்பாட்டுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு ஏன் தனிக் கதைகள்?

அப்பா தமிழர், அம்மா சீனர் என்றால் பிள்ளை எந்தப் பக்கம்? இப்படி இரண்டு மொழி, இனம் அல்லது மதத்துக்கு நடுவே வளரும் பிள்ளை, 'நான் யார்?' என்று தேடுவதைச் சொல்பவைதான் கலப்பு அடையாளக் கதைகள்.

பழைய கதைகளில் நடுவில் நிற்பவருக்கு நல்ல முடிவு கிடைப்பது அபூர்வம். ஈசாப்பின் வௌவாலை எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் சண்டை வந்தபோது ஜெயிக்கிற பக்கமாகத் தாவியது; கடைசியில் இரண்டு கூட்டமும் அதை விரட்டிவிட்டன. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1843-இல் வெளியிட்ட அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையில் கருணை அதிகம். ஆனால் அந்தக் குஞ்சுக்கும், தான் ஓர் அன்னம் என்று தெரிந்து, நீரில் நீந்தும் அன்னக் கூட்டத்தோடு சேர்ந்த பிறகுதான் நிம்மதி. கலப்புக் குடும்பத்துப் பிள்ளை போய்ச் சேர அப்படியொரு குளம் எங்கே இருக்கிறது? (என்னைக் கேட்டால், வீட்டுச் சாப்பாட்டு மேசைதான்.)

சிங்கப்பூரில் 2011 முதல் பிறப்புப் பதிவிலேயே இரண்டு இனங்களையும் இணைத்து எழுதலாம். சரி, படிவத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு பாட்டி வீட்டில் கையால் ரசம் சோறு, இன்னொரு பாட்டி வீட்டில் குச்சியால் நூடுல்ஸ் என்று வளரும் பிள்ளையிடம், "நீ பாதித் தமிழா?" என்று சொந்தக்காரர் கேட்டால்? டிக்காஷனும் பாலும் கலந்தால் காபி. அதைப் பாதிக் காபி என்று யாரும் சொல்வதில்லை. நல்ல கதை அந்தப் 'பாதி'யைத்தான் கேள்வி கேட்கும்.

கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் படிக்க வேண்டியவை என்று பலர் இந்தக் கதைகளை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் "நீ எந்த ஊரு?" என்று தினமும் துருவுகிற பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இவை.