மைனஸ் ஒன்று போட்டால் காரணம் சொல்லணும்

கேள்வி: எங்கள் திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருள் திட்டத்தில், நிரலில் வரும் ஒரு மாறிக்கு (வேரியபிள்) பெயர் வைக்க 40 மறுமொழி வந்தது சார். நான் அனுப்பிய 800 வரி பேட்ச்சை (நிரல் மாற்றத்தை) ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன்?

பதில்: 800 வரியைப் படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். பெயருக்குக் கருத்துச் சொல்ல அரை நிமிடம் போதும். இதைத்தான் 'பைக்‌ஷெட்' என்கிறோம். அணு உலைக்குச் சட்டென்று தலையாட்டிய குழு, சைக்கிள் கொட்டகைக்கு மல்லுக்கட்டிய கதையை 1957-இல் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் எழுதினார். ஃப்ரீபிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்தில், சொன்ன நொடிகள் காத்திருக்க வைக்கும் 'ஸ்லீப்' கட்டளை அரை நொடி, கால் நொடியையும் ஏற்கலாமா என்று தகராறு வந்தபோது, 1999-இல் அதன் நிரலாளர் பால்-ஹென்னிங் காம்ப் அந்தக் கதையை எடுத்துப்போட்டார். அதிலிருந்து நிரலாளர்களிடம் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. உங்கள் பேட்ச்சை நான்காக உடைத்து அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் பெயர்ச் சண்டை எல்லாமே வீண்தானா?

பதில்: அப்படிச் சொல்லி நானே மூக்குடைபட்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் ஒரு செட்டிங்குக்கு 'டைம்அவுட்' என்று பெயர் வைத்து, 30 என்று மதிப்பும் கொடுத்திருந்தேன். ஒருவர் பெயர் சரியில்லை என்றார். எனக்கு எரிச்சல். "30 என்றால் நொடியா, மில்லிநொடியா?" என்று அடுத்து கேட்டார். நான் நினைத்தது நொடி. உள்ளே அழைத்த ஃபங்ஷன் எதிர்பார்த்தது மில்லிநொடி! பெயரில் அலகைச் சேர்த்த பிறகுதான் பிழையே கண்ணில் பட்டது.

கேள்வி: என் மாற்றத்துக்கு ஒருவர் மைனஸ் ஒன்று (எதிர்ப்பு வாக்கு) போட்டுவிட்டார். அவ்வளவுதானா?

பதில்: அப்பாச்சி என்ற அறக்கட்டளையின் திறமூலத் திட்டங்களில் நிரல் மாற்றத்துக்கு, வாக்குரிமை உள்ளவர் போடும் -1 வீட்டோதான், மாற்றத்தைத் தடுத்துவிடும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். "எனக்குப் பிடிக்கவில்லை" செல்லாது. பணிவாகக் காரணம் கேளுங்கள்.

கேள்வி: யாருமே வாய் திறக்காவிட்டால்?

பதில்: மௌனம் சம்மதம். பல திட்டங்களில் 72 மணி நேரம் பொறுப்பார்கள். உலகம் முழுக்க இருப்பவர்கள், அதுவும் வேலை முடிந்து வந்து பார்ப்பவர்கள். வெள்ளி இரவில் போட்டுவிட்டு ஞாயிறு காலையில் திட்டத்தின் நிரலில் சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: வரியின் தொடக்கத்தில் இடம் விட டேப்பா, ஸ்பேஸா?

பதில்: கோ நிரல்மொழியில் நிரலை ஒழுங்குபடுத்தும் 'கோஃபிஎம்டி' கருவியே டேப் போட்டுவிடும், பேச்சே இல்லை. பைத்தான் மொழியின் நடைக் கையேடான பெப் 8 நான்கு ஸ்பேஸ் என்கிறது. திட்டம் எதை வைத்திருக்கிறதோ அதுவே.

கேள்வி: தலைவர் ஒருவரே முடிவெடுத்தால் சண்டை ஓயாதா?

பதில்: 2018-இல் பைத்தானில் வால்ரஸ் குறியை (:=) அந்த மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசம் ஏற்றார். அதற்குள் நடந்த வாக்குவாதத்தில் நொந்து, முடிவெடுக்கும் பொறுப்பையே விட்டு விலகினார். இப்போது 5 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி: தோற்ற யோசனையை மறுபடி கிளப்பலாமா?

பதில்: புதுப் பிழை அறிக்கையோ வேக அளவீடோ கையில் இருந்தால் தாராளமாக. அதற்குமுன் பழைய விவாதத்தைப் படித்துவிடுங்கள்; நீங்கள் சொல்ல வருவதை எட்டாவது மறுமொழியிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள்.