98 காட்டுகிறது, ஆனால் ஆச்சி பகலெல்லாம் தூங்குகிறார்

கேள்வி: எங்கள் ஆச்சிக்கு வயது 67. விறகடுப்பில் பலகாரம் சுட்டுக் கொடுத்தே எங்களை வளர்த்தவர். பீடி, சுருட்டு வாசனையே அறியாதவருக்கு மூன்று ஆண்டுகளாக சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரில் எப்போதும் 89, 90தான் காட்டும். 95-க்குக் கீழே போனால் ஆபத்து என்று இணையத்தில் படித்துவிட்டு, ஆக்சிஜன் மெஷின் வாங்கி ஒரு வாரமாக நிமிடத்துக்கு 5 லிட்டரில் ஓட்டுகிறோம். இப்போது 98. ஆனால் காலையில் தலை வலிக்கிறது என்கிறார், பகலிலும் தூங்குகிறார். இரவில் புரண்டுகொண்டே இருப்பதால் மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை பாதி கொடுக்கிறோம். கையில் மருதாணி இருந்தால் அளவு தவறுமா? இடப்பக்கம் படுத்தால் ஏன் இரண்டு குறைகிறது? கற்பூரமும் ஓமமும் முடிந்து முகரக் கொடுக்கலாமா? தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: முதலில் மெஷினை 1 லிட்டருக்குக் குறையுங்கள். தூக்க மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். இரத்த வாயுப் பரிசோதனை செய்யும் மருத்துவமனைக்கு ஆச்சியை இன்றே கூட்டிப் போங்கள். காரைக்குடியில் கிடைக்காவிட்டால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ போகலாம். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

மெஷினை ஒரேயடியாக அணைக்கவும் கூடாது. மிகை ஆக்சிஜனால் ஒரு வாரமாக உள்ளே சேர்ந்த கரியமில வாயு காற்றுப் பைகளில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஆக்சிஜனைச் சட்டென நிறுத்தினால் அளவு பழைய 89-க்கும் கீழே விழுந்துவிடும். 1 லிட்டரில் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். 88-க்கும் 92-க்கும் இடையில் நின்றால் அதுதான் ஆச்சிக்குச் சரியான அளவு. 88-க்குக் கீழே போனால் மட்டும் அரை லிட்டர் கூட்டுங்கள்.

98 எப்படிக் கெடுதலாகும் என்று கேட்பீர்கள். நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள் உள்ளன. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் காற்று அந்தப் பைகளுக்குள் போய்வருகிறது, சுமார் 5 லிட்டர் இரத்தம் அவற்றைச் சுற்றி ஓடுகிறது. மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. காற்று முழுவதும் வலது நுரையீரலுக்கும் இரத்தம் முழுவதும் இடது நுரையீரலுக்கும் போனால், அதே 4 லிட்டரும் 5 லிட்டரும் இருந்தும் உயிர் தங்காது. காற்று எந்தப் பைக்கு வருகிறதோ அந்தப் பைக்குத்தான் இரத்தமும் வர வேண்டும்.

பல ஆண்டு விறகுப்புகை ஆச்சியின் மூச்சுக்குழாய்களைச் சுருக்கிச் சளியால் அடைத்திருக்கும். அதனால் பல பைகளுக்குக் காற்று சரியாகப் போவதில்லை. உடல் இதைச் சமாளிக்கும் விதம், கண்மாய்த் தண்ணீரை நீர்பாய்ச்சி பங்கிடுவதைப் போன்றது. தரிசாகக் கிடக்கும் வயலின் மடையை அவர் அடைத்துவிட்டு, பயிர் நிற்கும் வயலுக்குத் தண்ணீரைத் திருப்புவார். அதேபோல, ஆக்சிஜன் குறைந்த பைக்குப் போகும் சிறு இரத்தக்குழாய் தானாகச் சுருங்கும், இரத்தம் நல்ல பைகளுக்குத் திரும்பும். உடலின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் குழாய் விரியும், நுரையீரலில்தான் சுருங்கும். 1946-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வான் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் காட்டினார்கள். ஆச்சி இத்தனை காலம் 90-இல் நடமாடியது இந்த மடைப் பங்கீட்டின் தயவில்தான்.

நீங்கள் 5 லிட்டர் வைத்ததும் ஆச்சி இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 40 சதவீதமானது. அடைபட்ட பைகளுக்குள்ளும் அது கொஞ்சம் கசிந்து சேர்ந்தது. இங்கே ஆக்சிஜன் இருக்கிறதே என்று அடைத்திருந்த மடைகள் திறந்துகொண்டன. நல்ல பைகளுக்குப் போய்க் கரியமில வாயுவை இறக்கிவிட்டு வரவேண்டிய இரத்தம், அதை வெளியேற்ற வழியில்லாத பைகளுக்குத் திரும்பிவிட்டது. ஆக்சிஜன் நிரம்பிய ஹீமோகுளோபின் தான் சுமக்கும் கரியமில வாயுவில் ஒரு பகுதியையும் இரத்தத்தில் விட்டுவிடும். மற்றவர்கள் இந்தக் கூடுதலை வேகமாக மூச்சுவிட்டு ஊதித் தள்ளிவிடுவார்கள். ஆச்சியின் நெஞ்சுக்கு அந்தத் தெம்பு இல்லை. இருந்த கொஞ்ச உந்துதலையும் அந்தப் பாதி மாத்திரை அமுக்கியிருக்கும். சி.ஓ.பி.டி. உள்ளவருக்குத் தூக்க மாத்திரையைப் பரிசோதிக்காமல் எடுத்துக் கொடுத்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தூக்கம் வரவழைக்கும் இருமல் சிரப்பும் இதே வேலையைச் செய்யும்.

ஆக்சிமீட்டர் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. 98 என்ற எண்ணுக்குப் பின்னால் அது எவ்வளவு ஏறினாலும் அந்தக் கருவிக்குத் தெரியாது. மூளையின் இரத்தக்குழாய்களைக் கரியமில வாயு விரிப்பதால்தான் காலைத் தலைவலி. மேலும் ஏறினால் மயக்க மருந்துபோல் வேலை செய்யும். இவ்வளவையும் பணயம் வைத்துக் கிடைத்த லாபம் என்ன? 90-ஐ விட 98-இல் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுதல், அவ்வளவுதான்.

எனவே நீங்கள் கவனிக்க வேண்டியது எண்ணை அல்ல, ஆச்சியின் விழிப்பை. பெயர் சொல்லி எழுப்பினால் உடனே கண் திறந்து தெளிவாகப் பதில் சொல்கிறாரா? பேச்சின் நடுவே கண் சொருகுகிறதா? காலையா மாலையா என்பதில் குழப்பமா? இரு கைகளையும் முன்னே நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்வதுபோல் மணிக்கட்டை மேலே மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை கொடிபோல் விழுந்து விழுந்து எழுந்தால், கூடவே கை சூடாகவும் நாடி துள்ளலாகவும் இருந்தால், கரியமில வாயு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். எழுப்புவதே சிரமம் என்றால் இதையெல்லாம் சோதித்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். வருபவர்களிடம் "சி.ஓ.பி.டி., 88 முதல் 92 போதும்" என்று சொல்லுங்கள். இதை ஒரு சீட்டில் எழுதி மெஷினில் ஒட்டிவையுங்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், சி.ஓ.பி.டி. முற்றியதாகக் கருதி ஆம்புலன்ஸில் கொண்டுவரப்பட்ட 405 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்தவர்களில் 4 பேர். இந்த 88–92 கணக்கு ஆச்சியைப் போன்றவர்களுக்கு மட்டுமே. நிமோனியா, ஆஸ்துமா உள்ள மற்றவர்களுக்கு 94-க்கு மேல் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்.

மருத்துவமனையில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுப்பார்கள். கொஞ்சம் வலிக்கும். கரியமில வாயு 35 முதல் 45 வரை இருக்க வேண்டும். அதைத் தாண்டி, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். 7.35-க்குக் கீழே இறங்கியிருந்தால் சேர்த்துக்கொண்டு, காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் மாஸ்க்கை முகத்தில் பொருத்துவார்கள். தொண்டைக்குள் குழாய் விடும் வென்டிலேட்டர் என்று அஞ்சி மறுத்துவிடாதீர்கள். நெபுலைசர் வைத்தால் அதை ஆக்சிஜனில் அல்ல, காற்றில் ஓட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஆச்சிக்கு இந்த மெஷின் தேவையா என்பதே இன்னும் முடிவாகவில்லை. உடல்நிலை சீராக இருக்கும்போது 88-ம் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்கே நீண்டகால ஆக்சிஜன் பயன் தரும். அதையும் நாளுக்கு 15 மணி நேரமாவது வைக்க வேண்டும். ஓய்வில் 89 முதல் 93 வரை இருந்தவர்களுக்கு வீட்டு ஆக்சிஜனால் ஆயுளோ நலமோ கூடவில்லை என்று 738 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2016-இல் காட்டியது. தேவை என்று மருத்துவர் முடிவுசெய்தால், அவர் எழுதும் லிட்டரில் மட்டும் ஓட்டுங்கள். மெஷினின் அளவுக் குழாயில் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி அந்த லிட்டர் கோட்டில் நிற்க வேண்டும். அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி எல்லாம் பத்தடி தள்ளியே இருக்கட்டும்.

மருதாணி இல்லாத விரலைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டுங்கள், ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். எப்படியும் இரண்டு புள்ளி முன்பின் இருக்கும். இடப்பக்கம் படுத்தால் இரத்தம் அந்தப் பக்க நுரையீரலுக்கு அதிகம் இறங்கும். அந்தப் பக்கம் அடைப்பு கூடுதலாக இருந்தால் இரண்டு குறையும். வசதியான பக்கம் படுக்கட்டும். கற்பூரமும் ஓமமும் ஆக்சிஜனை ஒரு புள்ளிகூட உயர்த்தாது, தூக்கிப் போடுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். 90 என்ற அளவால் ஆச்சிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாது. மிகை ஆக்சிஜனும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் அது நடக்கக்கூடும், இரண்டையும் இன்றே உங்கள் கையால் மாற்றலாம். கிளம்பும்போது மாத்திரை அட்டையையும், மெஷின் எத்தனை நாள் எத்தனை லிட்டரில் ஓடியது என்று எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள்.