வெயிலில் யார் சாகிறார்கள்?

கேள்வி: புவி வெப்பமடைவதை அளந்து சொல்பவர்கள் இயற்பியலாளர்கள், அதைச் சமாளிக்க வழி காண வேண்டியவர்கள் பொறியாளர்கள். இதில் சமூகவியலாளர்களுக்கு என்ன வேலை? (வாசகர், கோவை)

பதில்: வெயில் எத்தனை பாகை என்பதை வெப்பமானி காட்டும், அந்த வெயிலில் எந்த வீட்டில் யார் சாவார்கள் என்பதைக் காட்டாது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெப்பநிலை 41 பாகை செல்சியசை எட்டியபோது, ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தனர். பிணவறை நிரம்பி வழிந்ததால், குளிரூட்டப்பட்ட லாரிகளை வாசலில் நிறுத்தி உடல்களை வைக்க வேண்டியதாயிற்று.

அந்நகரில் வட லான்டேல், தென் லான்டேல் என்று அடுத்தடுத்து இரண்டு பகுதிகள் உள்ளன. ஏழை முதியோரும் தனித்து வாழும் முதியோரும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தனர். அடித்த வெயிலும் ஒன்றே. ஆயினும் வெப்பத்தால் இறந்தவர்கள் வட லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர்; தென் லான்டேலில் 4 பேருக்கும் குறைவு.

இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தெருத்தெருவாகச் சென்று தேடியவர் எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர். வட லான்டேலில் ஆலைகள் மூடப்பட்டு, கடைகள் போய், பாதி மக்கள் வெளியேறியபின், தெருவில் எஞ்சியது போதைப்பொருள் வியாபாரமும் அச்சமுமே. வெளியே வரப் பயந்த முதியவர்கள் சன்னல்களையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே வெந்து மடிந்தனர். லத்தீன் அமெரிக்க மக்கள் நெருங்கி வாழும் தென் லான்டேலிலோ நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் இருந்தது. புழுக்கம் தாளாத முதியவர், ஏ.சி. ஓடும் கடைக்குள் அச்சமின்றி நடந்து போய் நிற்க முடிந்தது. இன்னொன்றும் தெரியவந்தது: தனியாக வாழும் முதியோரில் பெண்களே அதிகம், ஆனால் உறவும் நட்பும் அறுந்துபோன ஆண்களே அதிக விகிதத்தில் இறந்தனர். இவற்றை எந்தச் செயற்கைக்கோள் படம் பிடிக்கும்?

1999இல் கடும் வெயில் திரும்பியபோது, மாநகராட்சி குளிரூட்டிய மையங்களைத் திறந்து, அவற்றுக்கு இலவசப் பேருந்து விட்டு, தனித்து வாழும் முதியோரைத் தொலைபேசியில் அழைத்தும் வீட்டுக்கே ஆள் அனுப்பியும் விசாரித்தது. இறப்பு 110 ஆகக் குறைந்தது. குறைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாருடைய கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருந்ததால்தான் அந்த ஆட்களை அனுப்ப முடிந்தது. கதவைத் தட்டுவதுங்கூட அவசர உதவிதான். வட லான்டேல் போன்ற பகுதிகளில் மீண்டும் கடை திறக்கச் செய்வதையும், முதியவர் பயமின்றி நடக்கக்கூடிய தெருவை உண்டாக்குவதையும் காலநிலைச் செலவுக் கணக்கில் எழுதாதவரை எந்த மாநகராட்சியின் திட்டமும் பாதித் திட்டமே என்பது என் உறுதியான கருத்து.