அப்பாவின் கேப்ஸ்யூல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 62 வயது. மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய்) என்று மதுரையில் கண்டுபிடித்து லெனலிடோமைடு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். மருந்து வாங்கும்போது வீட்டில் கர்ப்பிணிகள் உண்டா என்று கேட்டார்கள். ஏன் என்று புரியாமல் இணையத்தில் தேடினேன். குழந்தைகளைக் கை கால் குறைபாட்டோடு பிறக்க வைத்த தாலிடோமைடின் வாரிசு இது என்று போட்டிருக்கிறது. இதையா அப்பாவுக்குக் கொடுக்கிறோம்? பிரசவத்துக்கு வந்திருக்கும் என் தங்கைதான் தினமும் அவருக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாள்.

– ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில். தங்கச்சி இனி அந்த மருந்தைத் தொட வேண்டாம். அப்பாவே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும், இல்லையென்றால் நீங்கள் கொடுங்கள். கேப்ஸ்யூலைத் திறக்கவோ உடைக்கவோ கூடாது. இதுவரை எடுத்துக் கொடுத்ததை நினைத்து வீட்டில் யாரும் அழ வேண்டாம். ஆனால் அவளுடைய மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

நான் மருத்துவன் அல்ல. என் அக்கா இதே மருந்தை நான்கு வருடம் சாப்பிட்டார். அந்த நாட்களில் உட்கார்ந்து படித்ததைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது உண்மை. தாலிடோமைடு 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளும் வாங்கிச் சாப்பிட்டார்கள். 1961இல் நிறுத்துவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அது உடலுக்குள் எதைப் பிடித்து இந்தக் கேட்டைச் செய்தது என்பது அரை நூற்றாண்டு வரை தெரியவில்லை. செரெப்ளான் என்ற புரதத்தைத்தான் பிடிக்கிறது என்று 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். விற்க வந்தவர் ஒரு பக்கம், வியாபாரி ஒரு பக்கம். தரகர் இருவரையும் பக்கத்தில் கொண்டுவந்து, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலையை முடிக்கிறார். வாங்கியவர் ஆட்டின் முதுகில் சாயத்தால் ஒரு குறி போடுகிறார். குறி போட்ட ஆடு வண்டி ஏறிவிடும். தரகர் ஆட்டோடு போவதில்லை, அடுத்த பேரத்துக்குப் போய்விடுகிறார்.

செரெப்ளான்தான் வியாபாரி. யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதம்தான் சாயம். அந்தக் குறி விழுந்த புரதத்தை, செல்லுக்குள் இருக்கும் புரோட்டியசோம் என்ற புரத எந்திரம் துண்டு துண்டாக நறுக்கிவிடும். செல்லுக்குள் எப்போதும் நடக்கும் வேலை இது, கண்டுபிடித்த மூவருக்கு 2004இல் நோபல் கிடைத்தது. லெனலிடோமைடு வெறும் தரகர். செரெப்ளான் தானாகத் திரும்பிக்கூடப் பார்க்காத இகாரோஸ், அயோலோஸ் என்ற இரண்டு புரதங்களை அதன் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டவைக்கிறது. மைலோமா செல்லுக்கு அந்த இரண்டும் இல்லாமல் பிழைப்பு இல்லை. இது தெரிந்தது 2014இல். அதற்குப் பல வருடம் முன்பிருந்தே நோயாளிகள் இதைச் சாப்பிட்டுப் பலன் பெற்று வந்தார்கள்!

தாலிடோமைடும் இதே தரகு வேலையைத்தான் செய்தது. ஆனால் கருவின் கை கால் உருவாகத் தேவையான சால்4 என்ற புரதத்தையும் வண்டியில் ஏற்றிவிட்டது. லெனலிடோமைடும் அதே குடும்பம், அதே ஆபத்து இதிலும் உண்டு. அதனால்தான் கடைக்காரர் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் கேட்டது மிகவும் சரி.

எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது வேறு. வழக்கமான மருந்து, கெட்ட புரதத்தின் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்து அதன் வேலையைத் தடுக்கும். குழியே இல்லாத, வழவழப்பான புரதங்கள் புற்றுநோயில் ஏராளம். அவற்றுக்கு மருந்தே கிடையாது என்று கைவிட்டிருந்தார்கள். தரகருக்குக் குழி தேவையில்லை, இரண்டு பேரை நெருக்கி நிறுத்தினால் போதும். 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிரெய்க் க்ரூஸ், ரேமண்ட் டெஷேஸ் ஆகியோரின் குழுக்கள் இந்தத் தரகரையே வடிவமைத்துக் கட்ட முடியும் என்று காட்டின. ஒரு கையால் வியாபாரியையும் மறு கையால் நாம் குறித்த ஆட்டையும் பிடிக்கும் மூலக்கூறு, பெயர் புரோட்டாக். 2019இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய்களில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதங்களை அழிக்கப் பார்க்கிறார்கள்.

சிக்கல் இல்லாமல் இல்லை. இரண்டு கையும் வைத்துக் கட்டுவதால் மூலக்கூறு பெரிதாகிவிடுகிறது, குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகத் திணறும். அப்புறம் இன்னொன்று: மருந்தைக் கூட்டினால் பலன் குறையும் கட்டமும் உண்டு. சந்தையில் தரகர்கள் பெருகினால் வியாபாரி கையைப் பிடித்தபடி ஒருவரும் ஆட்டைப் பிடித்தபடி இன்னொருவரும் நிற்பார்கள், பேரம் ஒன்றும் முடியாது. லெனலிடோமைடு சின்ன மூலக்கூறு, செரெப்ளானை மட்டுமே தானாகப் பிடிப்பது. அதனால் அதற்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

அப்பாவுக்கு இதையா கொடுக்கிறோம் என்று கேட்டீர்கள். ஆமாம், தைரியமாகக் கொடுங்கள். ரத்த அணு எண்ணிக்கையைச் சொன்ன தேதியில் பாருங்கள். இந்த மருந்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு உண்டு. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். குழந்தை பிறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.