முக்கோணியின் தெறிப்பு, சுழற்சி, பெயர்ச்சி மூன்றும் எனக்குக் குழம்புகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் விளங்கிக்கொள்ள வழி உண்டா?

உண்டு. ஒரு தாளும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் போதும்.

நான் கிளிநொச்சியில் படித்தது பொருளாதாரத் தடைக் காலம். கொப்பி கிடைப்பதே பெரிய பாடு, ஊடுதாளுக்கு எங்கே போவது? கணக்கு வாத்தியார் கொப்பித்தாளில் எண்ணெய் பூசிக் காயவிடச் சொல்வார். அதை வரைபுத்தாளின் மேல் வைத்தால் கீழே இருக்கும் முக்கோணி மங்கலாகத் தெரியும். (புத்தகப் பை முழுக்க எண்ணெய் மணம், அம்மாவிடம் ஏச்சு வேறு.)

ஏ(2, 1), பி(5, 1), சி(2, 3) என்று ஒரு முக்கோணியை எண்ணெய்த்தாளில் படியெடுங்கள். தாளைத் திருப்பாமல் அப்படியே நகர்த்தினால் பெயர்ச்சி. எல்லா உச்சிகளும் ஒரே திசையில் ஒரே தூரம் போகும், ஒன்றும் பின்தங்காது. எங்கள் இடப்பெயர்வுகள் அப்படி இருந்ததில்லை.

ஒரு புள்ளியில் பென்சில் முனையை ஊன்றித் தாளைச் சுற்றினால் சுழற்சி. ஆனால் தெறிப்புக்கு, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோன்ற பிம்பத்துக்கு, என்ன செய்தாலும் தாளைக் கவிழ்த்தே ஆகவேண்டும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஏ, பி, சி என்று விரலால் தொட்டுக்கொண்டு போனால் முதலில் இடஞ்சுழியாக (மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக) போகும். வை அச்சில் தெறித்தபின் (-2, 1), (-5, 1), (-2, 3). இப்போது அதே வரிசை வலஞ்சுழி. விடை சரியா என்று பார்க்க நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன். இரண்டு தரம் கவிழ்த்தால் தாள் பழையபடி நேராகிவிடும் அல்லவா? அதனால்தான் எக்ஸ் அச்சிலும் பிறகு வை அச்சிலும் தெறித்தால் கிடைப்பது 180 பாகைச் சுழற்சி.

பெடியள் அதிகம் புள்ளி இழப்பது சுழற்சியில், நானும் ஒரு தவணைப் பரீட்சையில் இழந்தேன். மையம் (1, 1) என்று கேள்வியில் இருக்க, (0, 0) ஐ வைத்துச் சுற்றிவிட்டேன். கதவு பிணைச்சலில்தான் திரும்பும், நாம் நினைத்த இடத்தில் இல்லை. முதலில் மையத்தைக் கழியுங்கள்: (1, 0), (4, 0), (1, 2). இடஞ்சுழியாக 90 பாகை சுற்றினால் (0, 1), (0, 4), (-2, 1). கழித்ததைத் திரும்பக் கூட்டுங்கள்: (1, 2), (1, 5), (-1, 2). சந்தேகமென்றால் கவராயத்தை (1, 1) இல் குத்தி, பழைய பி வரை விரித்துச் சுற்றிப் பாருங்கள். வில் புதிய பி யைத் தொடவேண்டும்.