வாசகர் கேள்வி – பதில்: வெற்றி நூல்களில் தோல்வியைத் தேடுங்கள்

கேள்வி: கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்த நான் அண்மையில் கிளை மேலாளராகப் பதவி உயர்வு பெற்றேன். நேற்றுவரை உடன் அமர்ந்து வேலை செய்தவர்களை இன்று நானே வழிநடத்த வேண்டியிருக்கிறது. தலைமைப் பண்பு பற்றி அண்மையில் வெளிவந்த நூல்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் எழுதி 2023இல் வெளிவந்த ‘ரைட் கைண்ட் ஆஃப் ராங்’ என்ற நூலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் அந்த ஆண்டின் சிறந்த வணிக நூலுக்கான விருதை இதற்குத்தான் வழங்கியது. ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பதற்கு விருது காரணமன்று. எட்மண்ட்சன் முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது, மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பற்றிய ஓர் ஆய்வில் பங்கேற்றார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க, அத்தகைய குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர் அந்தப் புள்ளிவிவரத்தை ஒதுக்கிவிடவில்லை. தவறுகளின் எண்ணிக்கையே தெரியாத ஓர் ஆய்வாளரை வார்டுகளுக்கு அனுப்பி, அங்கு பணியாளர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்துவரச் செய்தார். நல்ல குழுக்களில் இருந்தவர்கள் தவறுகளை அச்சமின்றி வெளியே சொன்னார்கள் என்பதும், கண்டிப்பு மிகுந்த வார்டுகளில் அவை மூடி மறைக்கப்பட்டன என்பதும் அதிலிருந்து புலப்பட்டன.

உங்கள் கிளைக்கு இது நேரடியாகப் பொருந்தும். கவுண்டரில் கணக்கு இடிக்கும்போது அதை மாலைக்குள் உங்களிடம் வந்து சொல்கிறார்களா, தணிக்கையாளர் வரும்வரை மறைத்து வைக்கிறார்களா என்பது அவர்களின் நேர்மையை மட்டும் பொறுத்ததன்று. முதல் முறை ஒருவர் வந்து சொன்னபோது நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதையும் பொறுத்தது. அதே நேரத்தில் எல்லாத் தவறுகளையும் ஒன்றாகப் பாவித்து மன்னிக்கும்படி இந்நூல் சொல்லவில்லை. தெரிந்த வேலையில் கவனக்குறைவால் நேர்வது ஒரு வகை, பல சிறு காரணங்கள் ஒன்றுசேர்ந்து விளைவது மற்றொரு வகை, முன்பு யாரும் செய்யாத ஒன்றைத் திட்டமிட்டுச் சிறிய அளவில் முயன்று தோற்பது மூன்றாம் வகை என்று பிரிக்கும் ஆசிரியர், மூன்றாவதை மட்டுமே வரவேற்கச் சொல்கிறார். வங்கியில் முதல் வகைக்கு இடமே கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: வெற்றி பெற்ற நிறுவனங்களை ஆராய்ந்து எழுதப்பட்ட நூல்களை நம்பலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அளவோடு நம்பலாம். ஜிம் காலின்ஸ் 2001இல் எழுதிய ‘குட் டு கிரேட்’ பதினொரு நிறுவனங்களை முன்மாதிரிகளாகக் காட்டியது. அவற்றுள் ஒன்றான சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனம் 2008இல் திவால் மனு கொடுத்தது. மற்றொன்றான ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிதி நிறுவனத்தை அதே ஆண்டில் அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. இதனால் அந்நூலின் உழைப்பு வீண் என்று நான் கருதவில்லை. ஆனால் வென்றவர்களை மட்டும் கூட்டிவைத்து அவர்களிடம் பொதுவாக இருப்பதைத் தேடினால், அதே குணங்களோடு தோற்றுப் போனவர்கள் கண்ணில் படுவதில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டு துளைத்துத் திரும்பிய விமானங்களைப் பார்த்து, எந்தப் பகுதிக்குக் கவசம் பொருத்துவது என்று எழுந்த கேள்விக்குப் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் இந்த அடிப்படையில்தான் விடை கண்டார்: திரும்பாமல் போன விமானங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும், ஆகவே திரும்பியவற்றில் அடிபடாமல் இருக்கும் பகுதிகளுக்கே கவசம் தேவை. புதிய நிர்வாக நூல் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, தோற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒப்பிட்டிருந்தாலும் முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு காரணம் தேடியிருக்கிறார்களா என்று அடுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் மாவட்ட அளவில் துப்பாக்கி சுடும் போட்டிகளில் பங்கேற்கிறாள். அவள் படிக்கத்தக்க விளையாட்டு நூல்கள் எவை? பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் உச்சத்தை எட்டலாம் என்கிறார்களே, அது உண்மையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தலைமைப் பண்பைப் பற்றிய நூல்களைவிட விளையாட்டு வீரர்களின் தன்வரலாறுகளை நான் அதிகம் மதிக்கிறேன். ஆட்டத்தின் முடிவு எல்லோருக்கும் தெரிந்த ஒன்று என்பதால், தோல்வியை அவற்றில் எளிதில் மறைத்து எழுத முடியாது. உங்கள் மகளுக்கு அபினவ் பிந்த்ரா, ரோஹித் பிரிஜ்நாத்துடன் இணைந்து 2011இல் எழுதிய ‘எ ஷாட் அட் ஹிஸ்டரி’ மிகப் பொருத்தமானது. புதியது அன்று என்றாலும் முதலில் அதையே வாங்கிக் கொடுங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்த பிந்த்ரா, இறுதிச் சுற்றில் ஏழாம் இடத்துக்குச் சரிந்தார். தாம் நின்று சுட்ட இடத்தின் தரை ஓடு தளர்ந்திருந்ததைப் பின்னர் அறிந்த அவர், அதைக் குறைசொல்லிக் கொண்டிருக்காமல், அப்படிப்பட்ட தரையிலேயே நின்று பயிற்சி செய்தார். 2008 பெய்ஜிங்கில் கிடைத்த தங்கத்துக்குப் பின்னால் அந்த நான்கு ஆண்டுகள் இருக்கின்றன.

அடுத்து, சூசன் நைனனுடன் இணைந்து விஸ்வநாதன் ஆனந்த் எழுதிய ‘மைண்ட் மாஸ்டர்’ (2019), ரவிச்சந்திரன் அஸ்வின் சித்தார்த் மோங்காவுடன் எழுதிய ‘ஐ ஹேவ் தி ஸ்ட்ரீட்ஸ்’ (2024) ஆகிய இரண்டையும் படிக்கலாம். 2013இல் சொந்த ஊரான சென்னையில் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனிடம் உலகச் சதுரங்கப் பட்டத்தை இழந்த ஆனந்த், உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியை மறு ஆண்டே வென்று மீண்டும் அவரையே எதிர்கொள்ளச் சென்றார். தொடக்க மட்டையாளராக வளர்ந்த சிறுவன் அஸ்வின், காயத்தால் ஆடாமல் இருந்த பிறகு சுழற்பந்து வீச்சுக்கு மாறிய கதை, மேற்கு மாம்பலத்துத் தெருக் கிரிக்கெட்டின் பின்னணியோடு விரிகிறது. பிள்ளையின் ஆட்டத்துக்காகத் தங்கள் நாள்களை மாற்றியமைத்துக்கொண்ட பெற்றோரும் அதில் இருக்கிறார்கள். ஆகவே அதை நீங்களும் படிக்க வேண்டும்.

பத்தாயிரம் மணி நேரக் கணக்கு, உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனாய்வாளர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் தனியே பயிற்சி செய்த நேரத்தின் சராசரிதான் அது. 2008இல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல்லின் ‘அவுட்லையர்ஸ்’ என்ற நூல் அதை ஒரு விதியைப்போலப் பரப்பியது. அது தவறான புரிதல் என்று எரிக்சனே பின்னர் எழுதினார். நேரத்தை எண்ணுவதைவிட, பயிற்றுநர் சுட்டிக்காட்டும் ஒரு குறையை எடுத்துக்கொண்டு அதைத் திருத்தும் வகையில் பயிற்சி நடக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய ஆய்வின் சாரம்.

கேள்வி: நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். கால் நியூபோர்ட்டின் ‘ஸ்லோ புரொடக்டிவிட்டி’ எனக்குப் பயன்படுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஓரளவுக்கே பயன்படும். 2024இல் வெளிவந்த அந்நூல், குறைவான வேலைகளை ஏற்றுக்கொள்ளுங்கள், இயல்பான வேகத்தில் செய்யுங்கள், தரத்தில் விடாப்பிடியாக இருங்கள் என்று மூன்று கொள்கைகளை முன்வைக்கிறது. ஆனால் அதில் வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை, தங்கள் நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ள முடிந்த எழுத்தாளர்கள், அறிவியலாளர்கள், கலைஞர்கள் ஆகியோருடையவை. இரவுப் பணியில் எத்தனை நோயாளிகளை ஏற்பது என்று ஒரு செவிலியர் தீர்மானிக்க முடியாது. ஒருவர் ஒரே நேரத்தில் கையாளும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்ற பகுதி மட்டும் உங்கள் துறைக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது; அதைச் செயல்படுத்தும் அதிகாரம் பணிப் பட்டியல் போடுபவரிடம் இருப்பதால், நூலை வாங்கினால் அந்த அத்தியாயத்தை உங்கள் செவிலியர் கண்காணிப்பாளரிடம் படிக்கக் கொடுங்கள்.