பட்டறைக் கேள்வி: தோய்த்தும் இறுகாத வால்வ்

கேள்வி: ஐயா, சுன்னாகத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். உளியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியில் தோய்த்தால் இறுகும். கப்பல் எஞ்சின் ஒன்றின் பழைய எக்ஸோஸ்ட் வால்வ் கிடைத்தது, நிமோனிக் 80ஏ என்றார்கள். செம்மஞ்சளாகும் வரை காய்ச்சி அதேபோலத் தோய்த்தேன். இப்ப சென்டர் பஞ்ச் அடித்தால் முந்தியைவிட ஆழமாய்ப் பதியுது. உலோகம் பழுதாகிவிட்டதோ?

பதில்: பழுதாகவில்லை தம்பி, பாதி வேலையில் நிறுத்திவிட்டீர்கள்.

உளியுருக்கு சிவக்கும்போது அதன் அணுவடுக்கே மாறும். சடாரெனக் குளிர்ந்தால் காபன் வெளியேற நேரமில்லாமல் உள்ளே சிக்கும். இறுக்கம் அதனால் வருவது. உங்கள் 80ஏ நிக்கல் கலப்புலோகம். நிக்கலில் அந்த விளையாட்டு இல்லை. உருகும் வரைக்கும் ஒரே அடுக்குத்தான். 80ஏ-யில் சுமார் 20 வீதம் குரோமியம், அதோடு கொஞ்சம் டைட்டேனியமும் அலுமினியமும். இந்தக் 'கொஞ்சம்' தான் முதலாளி. அவை நிக்கலோடு சேர்ந்து, இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு மட்டும் தெரிகிற காமா பிரைம் மணிகளாகப் படியும். அணுத்தளங்கள் வழுக்காமல் மறிப்பது அவைதான். உங்கள் சூடு அவற்றைக் கரைத்துவிட்டது. தண்ணி திரும்பப் படிய விடவில்லை. பனங்கற்கண்டுக்குப் பாகை மண்ணில் புதைத்து நாள்கணக்காய் விடுகிறோமே, அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும்.

வழமையான முறை: மணிகளைக் கரைக்க 1080 பாகை செல்சியஸில் 8 மணித்தியாலம், காற்றில் ஆற்றல், பிறகு திரும்பப் படிய 700 பாகையில் 16 மணித்தியாலம். உளியுருக்கு அந்த 700-இல் தன் இறுக்கத்தைத் தொலைத்துவிடும், 80ஏ அங்கேதான் தேடிக்கொள்கிறது! அவசரப்பட்டு 900-இல் வைத்தால் மணிகள் ஒன்றை ஒன்று தின்று பெருக்கும், எண்ணிக்கை குறையும், இடைவெளியால் வழுக்கல் நுழைந்து போய்விடும்.

மணியுருக்களின் எல்லையையும் பார்க்கவேண்டும். மணியுரு என்றது மேலே சொன்ன மணிகள் இல்லை, உலோகமே ஆகியிருக்கிற சின்னச் சின்னப் பளிங்குகள். குரோமியமும் காபனும் சேர்ந்த குரோமியக் காபைட்டு அந்த எல்லையில் விட்டுவிட்டுப் படிந்தால் எல்லைகள் வழுக்காது. தொடர்ந்த படலமாய்ப் போனால் வெடிப்பு அதன் வழியே ஓடும். கரைக்கும் சூட்டில் அளவுக்கு மேல் கிடந்தால் உருக்கள் பருத்துவிடும். மெல்ல இழுபடும் சுமைக்கு அது நல்லது, திரும்பத் திரும்ப அடிபடுகிற வேலைக்குக் கூடாது.

கம்மாலை உலையில் 16 மணித்தியாலம் 700-ஐப் பிடிக்க ஏலாது. சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் பூட்டிய மின்னுலை உள்ள இடத்தில் கொடுத்துப் பாருங்கோ. எப்படி வந்தாலும் அந்த வால்வைத் திரும்ப எஞ்சினில் பூட்டாதையுங்கோ. எவ்வளவு காலம் ஓடிய வால்வோ, உள்ளே வெடிப்பு இருந்தால் சூடு அதை மூடாது.